பாலத்தை விட்டுப் போன ஆறு

ஐஸ்லாந்தின் தென்கிழக்கில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஸ்கெய்தரார்சாந்தூர் என்ற பெரும் மணல்வெளி கிடக்கிறது. நம் ஊர்க் கடற்கரை மணல் போன்றதல்ல இது. எரிமலைச் சாம்பலும் பனியாறு அரைத்துத் தள்ளிய கல்லும் கலந்த கருமணல். அதன் குறுக்கே போகும் சாலையில் ஸ்கெய்தரா என்ற ஆற்றுக்காக 1974-இல் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். நீளம் 880 மீட்டர், நாட்டிலேயே நீளமான பாலம். 2009-இல் அந்த ஆறு அங்கே வருவதை நிறுத்திக்கொண்டது. மேலே பனியாற்றின் விளிம்பு பின்வாங்கியதில் உருகிய நீருக்கு மேற்கே தாழ்வான வேறொரு வழி கிடைத்துவிட்டது. மொத்த நீரும் அங்கே திரும்பி, கிக்யுக்விஸ்ல் என்ற பக்கத்து ஆற்றில் போய்ச் சேர்ந்தது. நாட்டின் மிகப் பெரிய பாலத்துக்கு அடியில் மிஞ்சியது மோர்சா என்ற சிற்றாறு மட்டும்தான். 2017-இல் அந்தச் சிற்றாற்றுக்கு ஏற்ற சிறு பாலம் ஒன்றைப் போட்டு, சாலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

இந்தக் கரையில் கார் ஓட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. கண்கள் வாட்னயோகுல் மீது இருக்கும். பரப்பில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பனித்திரள்களில் ஒன்று அது. ஐஸ்லாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டு சதவீதத்தை மூடிக்கிடக்கிறது. அதன் தெற்கு விளிம்பிலிருந்து பனியாறுகள் விரல் விரலாக இறங்கி வருகின்றன. சில இடங்களில் காரை நிறுத்திக் கொஞ்ச தூரம் நடந்தாலே அவற்றின் முனையை எட்டிவிடலாம். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நல்ல சாலையில் பனியாறுகளைக் காட்டும் இடம் உலகில் அதிகம் இல்லை. அந்தச் சாலைக்கு வயது ஐம்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளில் இங்கே பயணம் என்பது ஆறு அனுமதிக்கும் நாளுக்காகக் காத்திருப்பதுதான்.

மணல்வெளிக்கும் பனிமலைக்கும் நடுவே ஓரைவி என்ற வட்டாரம். 1362-இல் அங்குள்ள எரிமலை வெடித்து, முன்பு செழிப்பாக இருந்த பகுதியை அழித்தது. அதன் பிறகு மீண்டும் குடியேறியவர்கள் ஒருசில பண்ணைகளில் ஆடு வளர்த்துப் பிழைத்தார்கள். மேற்கே ஸ்கெய்தரா, கிழக்கே பிரெய்தாமெர்குர் மணல்வெளியின் யோகுல்சா ஆறு, தெற்கே துறைமுகமே இல்லாத கடல், வடக்கே பனி. நாலு பக்கமும் அடைபட்ட ஊர். பனியாற்று நதிகள் ஒரே தடத்தில் ஓடாதவை. காலையில் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் மாலையில் குதிரை மூழ்கும். அதனால் ஆற்றைக் கடக்கவென்றே பழக்கிய குதிரைகளை வைத்திருந்தார்கள். நீரின் நிறத்தையும் சுழிப்பையும் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால். வழிகாட்டி என்ற வேலைக்கு அன்று இந்த ஊரில் அதுதான் பொருள்.

யோகுல்சா இன்னும் மோசம். நீளம் குறைவு, வேகம் அதிகம், பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு வரும். குதிரை இறங்க முடியாத நாட்களில் தபால்காரர்களும் பயணிகளும் வேறொரு வழியைப் பிடித்தார்கள். ஆறு பனியாற்றின் அடியிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே மேலே ஏறிப் பனியின் மீதே நடந்து அதன் தலைக்கு மேலாகக் கடந்துவிடலாம். குதிரைகளுக்குப் பனியில் படி வெட்டிக் கொடுத்தார்கள். 1927 செப்டம்பரில் அப்படிக் கடந்துகொண்டிருந்தபோது விளிம்புப் பனி உடைந்து, உள்ளூர்க்காரர் ஒருவரும் குதிரைகளும் உள்ளே போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வழியே இல்லாமல் போயிற்று. பனியாறு பின்வாங்கி, விளிம்புக்கும் கரைக்கும் நடுவில் நீர் தேங்க ஆரம்பித்தது. பிறகு ஆற்றைக் கடக்கப் படகு வைத்தார்கள்.

இந்தத் தலைமுறைகளுக்குப் பனி அழகாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் அது ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. பிரெய்தா, ஃப்யால் என்ற இரண்டு பண்ணைகள் பழைய குடியேற்றக் காலத்திலிருந்தே இருந்தவை. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பனியாறு மேய்ச்சல் நிலத்தையும் வீட்டுமனையையும் தின்று முடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதே பனியாறு, பிரெய்தாமெர்குர்யோகுல், கடலுக்கு முந்நூறு மீட்டர் கூட இல்லாத தூரத்தில் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் கரையோரப் பாதையே அடைபட்டிருக்கும். கிழக்குக்கும் மேற்குக்கும் தொடர்பு அறுந்துபோகும் என்று அஞ்சினார்கள். இன்று பனி போகிறதே என்று உலகம் வருந்துகிறது. அன்று கவலை எல்லாம் அது வருகிறதே என்பதுதான்.

கடலும் வளமாக இருந்தது, வசதியாக இல்லை. மேற்கே தோர்லாக்ஸ்ஹோப்னிலிருந்து கிழக்கே ஹோப்ன் வரை தென்கரையில் நிஜத் துறைமுகம் ஒன்று கூடக் கிடையாது. 2010-இல் நடுவில் ஒரு படகுத்துறை கட்டினார்கள், வெஸ்ட்மன் தீவுகளுக்குப் போகும் கப்பலுக்காக. அதையும் மணல் மூடிக்கொண்டே இருக்கிறது. பண்ணைக்காரர்கள் முன்பு துடுப்புப் படகை மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ளிப் போய் மீன் பிடித்தார்கள். திரும்பி வரும்போது அலை கவிழ்த்துவிட்டால் ஒரு பண்ணையின் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் போய்விடக்கூடும். சுத்சுர்ஸ்வெய்த் என்ற வட்டாரத்தில் ஹாலி பண்ணையில் 1888-இல் பிறந்த எழுத்தாளர் தோர்பெர்கூர் தோர்தார்சோன் இந்த வாழ்க்கைக்குள் வளர்ந்தவர். இன்று அங்கே அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. கட்டடத்தின் வெளிச்சுவரையே புத்தக அலமாரி போலக் கட்டியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம். பலர் புத்தகத்தின் முதுகுகளைப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போகாமலே கிளம்பிவிடுகிறார்கள் என்பது என் சின்ன வருத்தம்.

கடல் சில நேரம் தானாகவே கொண்டுவந்து கொடுத்தது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் இந்த மணலில் தரைதட்டுவது வாடிக்கை. தாழ்வான கரை, பின்னால் இருக்கும் மலையைப் பார்த்துத் தூரத்தைத் தவறாகக் கணித்துவிடுவார்கள். உடைந்த கப்பலின் மரம் வீட்டுக்கு உத்தரமாயிற்று. இரும்பைக் கொண்டு சிறு நீர்மின் சுழலிகள் செய்தார்கள். நாட்டின் பெரும்பகுதிக்கு மின்சாரம் எட்டாத காலத்தில் இந்த ஒதுக்குப்புறப் பண்ணைகளில் விளக்கு எரிந்தது. 1667-இல் ஜாவாவிலிருந்து திரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று ஸ்கெய்தரார்சாந்தூரில் மோதி அழிந்தது. கீழ்த்திசைச் செல்வம் ஏற்றிவந்த கப்பல் என்பதால், மணலுக்குள் தங்கம் கிடக்கிறது என்ற கதை முந்நூறு ஆண்டுகள் வளர்ந்தது. 1983-இல் பெருஞ்செலவில் தோண்டினார்கள். கிடைத்தது 1903-இல் தரைதட்டிய ஒரு ஜெர்மானிய மீன்பிடிக் கப்பல்.

ஆக, 1974-க்கு முன் ஹோப்னில் கார் வைத்திருந்தவர் ரெய்க்யாவிக் போக வேண்டுமானால் எதிர்த்திசையில் கிளம்பிக் கிழக்கு, வடக்கு என்று தீவையே சுற்றி வர வேண்டும். தெற்கு வழியாகப் போனால் சுமார் 460 கிலோமீட்டர்; சுற்றினால் அதைப் போல இருமடங்கு. ஓரைவிக்காரர்கள் 1940-களின் இறுதியிலிருந்து விமானத்தை நம்பினார்கள். தங்கள் வட்டாரத்து ஃபகுர்ஹோல்ஸ்மிரியில் ஆட்டை வெட்டி, இறைச்சியை விமானத்தில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பினார்கள். சாலை இல்லாத ஊருக்கு விமானம் முதலில் வந்தது. விநோதம்தான், ஆனால் மணலில் விமானம் இறங்குவது, ஆற்றில் பாலம் கட்டுவதைவிட எளிது.

ஸ்கெய்தராவுக்குப் பாலம் கட்டப் பணம் திரட்டிய விதமும் சொல்ல வேண்டியது. அரசு பொதுமக்களுக்குக் கடன்பத்திரம் விற்றது. வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் பரிசும் உண்டு. நாட்டு மக்கள் லாட்டரிச் சீட்டு வாங்குவது போல வாங்கிக் கட்டிய பாலம் அது. ஐஸ்லாந்தில் மனிதர் குடியேறி 1,100 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடிய வருடத்தில், 1974 ஜூலை 14 அன்று திறந்தார்கள். அன்றோடு தீவைச் சுற்றிய முதலாம் எண் சாலை முழு வட்டமாயிற்று. அதன் நீளம் இன்று சுமார் 1,320 கிலோமீட்டர். தார் போட்டு முடிக்க மேலும் 45 ஆண்டுகள் பிடித்தன. கிழக்கே பெருஃபியோர்தூரில் கடைசித் துண்டு 2019-இல்தான் முடிந்தது.

பாலம் கட்டிய பொறியாளர்கள் ஆற்றை நன்றாக அறிந்தவர்கள். பனித்திரளுக்கு நடுவே கிரிம்ஸ்வோட்ன் என்ற எரிமலை இருக்கிறது. அதன் வெப்பத்தில் பனிக்கு அடியில் நீர் சேரும். சேர்ந்த நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பனியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாயும். அந்த வெள்ளத்தைக் கணக்கில் வைத்தே கரைகளும் தூண்களும் போட்டார்கள். 1996 செப்டம்பர் 30 அன்று பனிக்கு அடியில் கியால்ப் என்ற இடத்தில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்னில் போய்ச் சேர்ந்தது. நாடே காத்திருந்தது. நிருபர்கள் வந்து அறை எடுத்துத் தங்கினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், ஒன்றும் நடக்கவில்லை. சிலர் திரும்பிப் போனார்கள். நவம்பர் 5 காலையில் வந்தது. உச்சத்தில் நொடிக்கு 50,000 கன மீட்டரை நெருங்கிய வெள்ளம். மூன்று மாடி வீட்டளவு பனிப்பாறைகள் மணலில் உருண்டன. கிக்யுக்விஸ்ல் ஆற்றின் 376 மீட்டர் பாலம் முழுதாகப் போயிற்று. பெரிய பாலத்தில் 176 மீட்டர் போயிற்று. ஓர் உயிர் கூடப் போகவில்லை; முன்கூட்டியே சாலையை மூடியிருந்தார்கள். சுமார் மூன்றே வாரத்தில் தற்காலிகப் பாலம் போட்டுப் போக்குவரத்தைத் தொடங்கியதுதான் எனக்கு வெள்ளத்தைவிடப் பெரிய வியப்பு. முறுக்கிய இரும்பு உத்தரங்களில் இரண்டை ஸ்காஃப்தாஃபெல் அருகே சாலையோரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பேருந்துகள் நிற்கின்றன, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள்.

அத்தனை வெள்ளத்தில் தாக்குப்பிடித்து, செப்பனிட்டு நிமிர்ந்த பாலத்தைத்தான் பதின்மூன்று வருடம் கழித்து ஆறு கைவிட்டது. 2016-இல் மேற்கு விளிம்பில் சூலா என்ற ஆறும் அதே போலத் தடம் மாறி கிக்யுக்விஸ்லோடு கலந்தது. மணல்வெளி முழுவதும் பரந்து அலைந்த நதிகள் ஒரே தடத்துக்குள் சுருங்கிவிட்டன. நீர் அலையாத மணலில் பாசி பிடிக்கிறது. பிர்ச் செடி முளைக்கிறது. ஆடுகளைக் கட்டுப்படுத்தியதும் ஒரு காரணம். கருமணலில் அந்தப் பச்சை கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. காற்று மட்டும் பழையபடியே. மணல் பறக்கும் நாளில் ஓட்டினால் காரின் வண்ணம் உரியும். வாடகைக் கார்க்காரர்கள் மணலுக்கும் சாம்பலுக்கும் தனிக் காப்பீடு விற்பதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இங்கே வந்து காரின் கதவைத் திறந்தால் புரிந்துகொள்வார்கள். கதவைக் கையால் இறுக்கிப் பிடித்தபடிதான் இறங்க வேண்டும். விட்டால் கீலோடு போகும்.

குதிரையை முன்னே விட்டு ஆழம் பார்த்த இடங்களில் இப்போது ஆபத்து வேறு வகை. ஒற்றைத்தடப் பாலங்கள் இந்தச் சாலையின் பழைய சொத்து. எதிரே வண்டி வந்தால் யார் முதலில் வருகிறாரோ அவர் கடக்க வேண்டும், மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சாலையில் அனுமதித்த வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பாலம் திடீரென்று வரும். பனிக்காலத்தில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்திருக்கும். 2018 டிசம்பரில் நூப்ஸ்வோட்ன் ஆற்றின் பழைய ஒற்றைத்தடப் பாலத்திலிருந்து ஒரு வண்டி கீழே விழுந்து, பிரிட்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் ஒரு குழந்தை உட்பட மூவர் இறந்தார்கள். அங்கே இப்போது இருவழிப் பாலம் வந்துவிட்டது. நம்மவர்களுக்கு இந்த ஊர்ச் சாலையைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டுமானால், மலையைப் பார்க்க ஆசை வந்தால் ஒதுக்கிடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்பதுதான்.

தபால்காரர்கள் பனி மீது ஏறிக் கடந்த இடத்தில் இன்று பனிப்பாறைகள் மிதக்கும் காயல் இருக்கிறது. யோகுல்சார்லோன். ஐஸ்லாந்துக்குப் போய்வந்தவர் கைபேசியைத் திறந்தால் முதலில் காட்டுவது இதைத்தான். டென்மார்க் ராணுவ அதிகாரிகள் 1903-04-இல் இந்தப் பகுதியை அளந்து வரைந்த படத்தில் அப்படி ஒரு நீர்நிலை கிடையாது. 1930-களில் தோன்றி, 1970-களுக்குப் பிறகு நாலு மடங்கானது. இன்று பரப்பு 25 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழம் 200 மீட்டரைத் தாண்டும். கடலுக்கும் காயலுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மட்டும் ஆறு. அதன் மேல் 1967-இல் கட்டிய ஒற்றைத்தடத் தொங்குபாலம். ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வருகிறது. ஹெரிங்கும் கேப்லினும் அதோடு வருகின்றன, அவற்றைத் தின்னச் சீல்கள் வருகின்றன.

1985-இல் வெளிவந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக இங்கே படப்பிடிப்பு நடந்தது. அந்த ஆண்டிலேயே படகுச் சவாரியும் தொடங்கியது. 2002-இல் இன்னொரு பாண்ட் படத்துக்காகக் கடல்நீர் வராமல் ஆற்றை அடைத்து, காயலை உறையவைத்து அதன் மேல் கார் ஓட்டினார்கள். 2010-இல் எய்யாஃபியாத்லயோகுல் எரிமலை ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்தி உலகத்துக்கெல்லாம் ஐஸ்லாந்தை அறிமுகப்படுத்தியது. அந்த வருடம் வந்த வெளிநாட்டினர் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. 2018-இல் 23 லட்சம். நாட்டின் மக்கள்தொகை நாலு லட்சம் கூட இல்லை. காயலின் கிழக்குக் கரை தனியார் நிலமாக இருந்தது. 2017-இல் அரசு 152 கோடி குரோனாவுக்கு வாங்கித் தேசியப் பூங்காவோடு சேர்த்தது. பாட்டன்மார் காலத்தில் அந்த நிலத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அது அப்போது பனிக்கு அடியில் இருந்தது.

பனி பின்வாங்கிய கதை நேர்கோட்டில் போனதும் இல்லை. 1970 முதல் 1995 வரை குளிர்ந்த ஆண்டுகளில் பல பனியாறுகள் நின்றன, சில முன்னேறவும் செய்தன. இதை நமக்குச் சொல்வது ஆர்வலர்களின் நாடா. வானிலை ஆய்வாளர் யோன் எய்த்தோர்சோன் 1930-இல் ஓர் எளிய வேலையைத் தொடங்கிவைத்தார். பனியாற்று முனைக்கு எதிரே கல் அடுக்கி அடையாளம் வைத்து, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அங்கிருந்து பனி வரை நாடா போட்டு அளப்பது. பெரும்பாலும் அளந்தவர்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். குவிஸ்கெர் பண்ணையில் வாழ்ந்த சகோதரர்கள் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாமலே பூச்சி, பறவை, தாவரம், பனியாறு, உள்ளூர் வரலாறு என்று ஆளுக்கொரு துறையில் அறிஞர்கள் ஆனவர்கள். அடைபட்டுக் கிடந்த ஊர் அவர்களுக்குப் பொறுமையைக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் எழுதி வைத்த எண்களை இன்றைய செயற்கைக்கோள் ஆய்வாளர்களும் எடுத்தாள்கிறார்கள். 1890-ஐ ஒட்டிய உச்சத்திலிருந்து ஐஸ்லாந்தின் பனியாறுகள் ஏறக்குறைய 2,200 சதுர கிலோமீட்டரை இழந்திருக்கின்றன. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த நூற்றாண்டில் போனது. கலைஞர் ஒலாஃபுர் எலியாசோன் 1999-இல் எடுத்த பனியாற்றுப் படங்களை 2019-இல் அதே கோணத்தில் மீண்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எண்களை விட அவை பலருக்கு உறைத்தன.

பனிமேல் வழிகாட்டும் தொழில் மீண்டும் வந்திருக்கிறது, வேறு உருவில். குதிரைக்குப் பதில் முள்பூட்டிய காலணி. குளிர்காலத்தில் நீர் வடிந்த பனிக்குகைகளுக்குள் ஆட்களை அழைத்துப் போவார்கள். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். குளிரில் இறுகியிருக்கும் குகை கோடையில் நிலையாக நிற்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூட்டம் கோடையில்தான் அதிகம். 2024 ஆகஸ்ட் 25 அன்று பிரெய்தாமெர்குர்யோகுலில் பனி சரிந்து ஓர் அமெரிக்கப் பயணி இறந்தார். அதன் பிறகு விதிகளை இறுக்கினார்கள். பக்கத்திலேயே ஸ்வினாஃபெல்ஸ்யோகுலில் 2018 முதலே நடைப்பயணம் இல்லை. பனி தாங்கிக்கொண்டிருந்த மலைச்சரிவில் விரிசல் கண்டார்கள், நிலம் சரியலாம் என்ற அச்சம்.

இனி ஹோப்ன். இந்தக் கரையின் ஒரே மீன்பிடி ஊர், சுமார் 1,800 பேர். 1897-இல் ஒரு வணிகர் பக்கத்துத் துறையிலிருந்த தன் கடையையே கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியதில் தொடங்கிய ஊர். அந்தக் கடைக் கட்டடம் இன்றும் துறைமுகத்தில் இருக்கிறது, தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையமாக. ஒரு காலத்தில் உப்பும் கயிறும் விற்ற இடத்தில் இப்போது வரைபடம் வாங்கலாம். குளிர்கால மீன்பிடிப் பருவம் வந்தால் கிழக்குக் கரையிலிருந்து படகுகளும் ஆட்களும் வந்து குவிவார்கள். நாள் முழுக்கக் காட் மீனை வெட்டி உப்பிட்டார்கள். பிறகு உறைநிலைக் கூடம் வந்தது. 1950-களிலிருந்து சிங்கி இறால் வந்தது. ஹோப்ன் அதன் தலைநகராயிற்று.

மீன் தங்களுக்கே என்று இந்த நாடு பிரிட்டனோடு மூன்று முறை மோதியது. எல்லையை 1958-இல் 12 மைல், 1972-இல் 50, 1975-இல் 200 என்று தள்ளிக்கொண்டே போனார்கள். காவல் கப்பல்கள் பிரிட்டிஷ் விசைப்படகுகளின் வலைக்கம்பிகளை அறுத்தன. 1976-இல் வென்றார்கள். வென்ற பிறகுதான் தங்கள் படகுகளுக்கே மீன் போதாது என்று தெரிந்தது. 1984-இல் ஒவ்வொரு படகுக்கும், முந்தைய மூன்று ஆண்டுகளில் அது பிடித்த அளவை வைத்து, ஒதுக்கீடு கொடுத்தார்கள். அப்போது மீன்வள அமைச்சராக இருந்தவர் ஹால்தோர் அஸ்கிரிம்சோன், ஹோப்னில் வளர்ந்தவர். 1990-இல் வந்த சட்டம் அந்த ஒதுக்கீட்டை விற்கவும் வாங்கவும் தாராளமாக வழி திறந்தது. மீன்வளம் தேறியது, அதில் ஐயமில்லை. ஆனால் கடலில் நீந்தும் மீன் காகிதச் சொத்தாகிவிட்டது. படகுக்காரர் விற்றுவிட்டுப் போனால் ஊருக்கே வேலை போயிற்று. மேற்கு, வடக்கு ஃபியோர்டுகளில் பல ஊர்கள் அப்படிக் காய்ந்தன. ஹோப்ன் தப்பியது, ஒதுக்கீடு பெரும்பாலும் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் கையில் தங்கியதால். முன்பு பல குடும்பங்களின் சிறு படகுகள் செய்த வேலையை இன்று சில பெரிய கப்பல்கள் செய்கின்றன. மீன்கூடத்திலும் விடுதியிலும் வேலை செய்பவர்களில் போலந்துக்காரர்கள் ஏராளம். மேற்கே விக் கிராமம் இருக்கும் மிர்தால் வட்டாரத்தில் குடியிருப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள்.

சிங்கி இறாலின் கதை முடிந்தது போல இருக்கிறது. குஞ்சுகள் சரியாகத் தேறாமல் பல ஆண்டுகளாக இனம் சுருங்கிவந்தது. 2022-இல் பிடிப்பதையே நிறுத்தினார்கள். கோடையில் நடக்கும் சிங்கி இறால் விழா மட்டும் அதே பெயரில் நடக்கிறது. கேப்லின் 2019-இலும் 2020-இலும் பிடிக்குமளவுக்கு வரவே இல்லை. அதற்கு முன்பே, 2006-ஐ ஒட்டி, தெற்கிலிருந்து கானாங்கெளுத்தி இனமான மேக்கரல் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டது. கடலின் சூடு ஏற ஏறப் பழைய வாடிக்கையாளர் போய்ப் புதியவர் வருகிறார். மீனவர் வலையை மாற்றிக்கொள்ளலாம். துறைமுகத்தை மாற்ற முடியாது.

துறைமுகத்துக்கு வந்த சிக்கலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கடல்மட்டம் உயர்ந்து ஊர்கள் மூழ்கும் என்று உலகம் அஞ்சும் காலத்தில் ஹோப்ன் மேலே எழுகிறது. வாட்னயோகுலின் எடை குறையக் குறைய, அதை இத்தனை காலம் சுமந்து அழுந்தியிருந்த நிலம் நிமிர்கிறது, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல். அதோடு, பனியின் ஈர்ப்பு குறைவதால் பக்கத்துக் கடல்நீரும் சற்றே விலகுகிறது. துறைமுக முகத்துவாரத்துக்கு வெளியே கிரின்ஸ்லின் என்ற மணல்திட்டு. பெரிய கப்பல்கள் எப்போதும் ஓதம் பார்த்துத்தான் அதைக் கடந்தன. ஒவ்வொரு பத்தாண்டிலும் ஆழம் இன்னும் குறையும் என்றால் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். பனியும் மீனும் இரண்டு தனித்தனித் தொழில்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இரண்டும் இந்த மணல்திட்டில் வந்து சந்திப்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யோகுல்சார்லோனில் இதன் மறுபாதி நடக்கிறது. பனியாறு ஒரு காலத்தில் தன் அடியில் தோண்டிய பள்ளம், பனிக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் நீள்கிறது. அடி கடல்மட்டத்துக்குக் கீழே 200, 300 மீட்டர். பனி போய்விட்டால் அது ஓர் ஆழமான ஃபியோர்டு ஆகும். ஆயிரம் வருடமாகப் படகு கட்ட ஓர் ஒதுக்கிடம் இல்லாமல் அலையில் கவிழ்ந்த கரைக்கு, இயற்கை ஒரு துறைமுகக் குடைவை வெட்டிக் கொடுக்கும் போலத் தோன்றுகிறது. ஆனால் அதன் வாயில் 1967-இன் பாலம் குறுக்கே நிற்கிறது. நாட்டின் முதலாம் எண் சாலை அதன் மேல் போகிறது. அலை கரையை அரித்துப் பாலத்தை நெருங்குவதால் ஆற்றின் அடியில் பாறைகளை அடுக்கித் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். சாலைத் துறைக்கு இப்போதைக்கு வேண்டியது கடல் உள்ளே வராமல் இருப்பது. மேற்கே ஆறு போன இடத்தில் பாலம் குட்டையாயிற்று. இங்கே வாய் அகலமானால் அடுத்த பாலம் எவ்வளவு நீளம் வேண்டும், அல்லது சாலையே எங்கே போக வேண்டும் என்பதைப் பனி முடிவுசெய்த பிறகுதான் அவர்கள் முடிவுசெய்ய முடியும்.